ஸ்டிக்கர் இல்லாத பியானோ

அன்று அந்த வராந்தாவில் இருந்தவர்கள்: நான், ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், அவளுடைய கீபோர்டு மாஸ்டர், அவரிடமே படிக்கும் இன்னொரு பெண்பிள்ளை, அந்தப் பிள்ளையின் அப்பா. மூடிய கதவுக்கு உள்ளே, பியானோ பரீட்சை வைக்க வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரம்மா. அவ்வளவுதான். இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிற்பாடு மாஸ்டர், "அன்னிக்கு நான் அங்க இல்லவே இல்லையே சிஸ்டர்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். இருந்தார். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பள்ளிக்கூட வேனில் ஆயாவாகப் போகிறவள். பெருங்களத்தூரில் கிளம்பி, பீர்க்கன்கரணை ஏரி ஓரத்துத் தெருக்களுக்குள் நுழைந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சேலையூரில் கொண்டுபோய் விடுவோம். ஏறும்போது எண்ணுவேன், சிக்னலில் நிற்கும்போது எண்ணுவேன், எல்லோரும் இறங்கிப்போன பிறகு காலி வண்டியில் குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்ப்பேன். "இன்னாக்கா தேடிக்கினு கீற? பசங்கள்லாம் பிரேயருக்கே பூட்டாங்க" என்று டிரைவர் தம்பி சிரிப்பான். சிரிக்கட்டும். பயப்படத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வேலைக்குப் போகாத நாளிலும் அந்தப் பயம் என்னை விடுவதில்லை.

பரீட்சைக்கு முந்தின வாரம் நான் பயந்ததை எல்லாம் எழுதினால் பக்கம் போதாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், ஹால் டிக்கெட் நனைந்துவிட்டால், அவள் பாதி வாசிப்பில் பாத்ரூம் போக வேண்டும் என்றால். இப்படி எல்லாவற்றுக்கும் பயந்தேன். பயப்பட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு விஷயம் மட்டும் என் மண்டையில் உதிக்கவே இல்லை.

கிளாஸ் கிழக்குத் தாம்பரத்தில், ஒரு செல்போன் கடைக்கு மாடியில். மாஸ்டர் எங்கள் சர்ச்சுக்கே வருகிறவர். பம்மலிலும் ஒரு கிளை இருப்பதாக போர்டில் எழுதியிருக்கும். மாதாமாதம் கட்டுகிற ஃபீஸ் தனி. அதற்கு மேல் தியரி என்று மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கினார். "தியரின்னா என்னா சார்?" என்று கேட்டேன். "நோட்டேஷன் சிஸ்டர். புக்கைப் பார்த்து தானா வாசிக்கறது. அது இல்லாம கிரேடு எக்ஸாம் எழுத முடியாது" என்றார். நகைக்கடைச் சீட்டுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினேன். ரசீதிலும் 'தியரி' என்றே எழுதித் தந்தார்.

அவர் கற்றுக்கொடுத்த விதம் இது. கீபோர்டின் வெள்ளைக் கட்டைகள் ஒவ்வொன்றின் மேலும் சி, டி, ஈ என்று, ஜி வரை போய் மறுபடி ஏ, பி என்று ஆங்கில எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். புத்தகத்தில் ஐந்து கோடு போட்டு, கோட்டின் மேலும் கோடுகளுக்கு நடுவிலும் கறுப்புப் புள்ளிகள் அச்சடித்திருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே மாஸ்டர் பென்சிலால் அதே ஆங்கில எழுத்தை எழுதித் தருவார். பிள்ளைகள் பென்சில் எழுத்தைப் பார்ப்பார்கள், ஸ்டிக்கரைத் தேடுவார்கள், அமுக்குவார்கள். மேலே இருக்கும் ஐந்து கோட்டையும் புள்ளியையும் ஒருத்தரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. புடவைக்கு பார்டர் மாதிரி அது பாட்டுக்குக் கிடந்தது. புதுப் பாட்டு வேண்டுமென்றால் மாஸ்டர்தான் எழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதற்கும் பாட்டுக்கு இவ்வளவு என்று தனியாக ரேட்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், நல்ல ரப்பரா ரெண்டு வாங்கிட்டு வாங்களேன்" என்றார். எதற்கு என்றேன். "எழுத்து தெரிஞ்சா எக்ஸாமினர் மார்க் கட் பண்ணிடுவாங்க. எல்லா வருஷமும் அழிச்சிடுவோம்." கீழே இறங்கிப் போய் வாங்கி வந்தேன். இரண்டு பிள்ளைகளும் மாஸ்டரும் நானுமாக உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தோம். நான் தூளை ஊதி ஊதிப் பக்கத்தைச் சுத்தமாக்கினேன். புத்தகம் புதுசு போல ஆகிவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம் வேறு.

மறுநாள் கதவு மூடியதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டு ஆரம்பிக்கவே நேரமானது. ஆரம்பித்து நின்றது. மறுபடி ஆரம்பித்தது. வீட்டில் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமான பாட்டு. எங்கே தடுக்கியது என்று எனக்குத் தெரிந்தது. அப்புறம் சத்தமே இல்லை. மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது.

வெளியே வந்தவள் யாரையும் பார்க்காமல் தண்ணீர் கேன் இருந்த மூலைக்குப் போய் நின்றாள். பஸ்ஸில்தான் வாயைத் திறந்தாள்.

"அந்த பியானோ ரொம்ப நீளம்மா. ஸ்டிக்கரே இல்ல. எங்க கை வைக்கணும்னே தெரியல. அந்த மிஸ்ஸே என் கையைப் பிடிச்சு வெச்சாங்க."

"அப்புறம் வாசிச்சியே, கேட்டுச்சே."

"அது விரலுக்குத் தெரியும். அப்புறம் ஒரு பேப்பர் குடுத்தாங்க. புதுப் பாட்டு. குட்டிப் பாட்டுதான். அரை நிமிஷம் பார்த்துட்டு வாசின்னாங்க. நான் சொன்னேன், லெட்டர்ஸ் எழுதல மிஸ்னு. அவங்களுக்குப் புரியல. இன்னொரு தடவ இங்கிலீஷ்ல சொன்னேன். அவங்க மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா. பாவம்ங்கற மாதிரி பார்த்தாங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கு ஏறலம்மா. விட்டுடலாம்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஏறல. என்னைப் பற்றி எங்கள் வீட்டில் சொன்ன வார்த்தை அது. எட்டாம் வகுப்பில் கணக்கு சார் ஒரு நாள் போர்டில் எண்களுக்கு நடுவே எழுத்துகளை எழுத ஆரம்பித்தார். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து ஏன் வந்தது என்று அவர் சொல்லவில்லை. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருஷக் கடைசியில் "பொண்ணுக்குப் படிப்பு ஏறல" என்று எங்கள் அப்பாவிடம் சொன்னார்கள். அவரும் சரி என்று என்னை நிறுத்திவிட்டார். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. நானே நம்பினேன், இன்றைக்கும் ஏதாவது ஃபாரம் நிரப்பச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிடுகிறேன். அந்த வார்த்தை என் பிள்ளை வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவள் கீபோர்டை விட்டால்கூட எனக்குப் பெரிய நஷ்டமில்லை. அந்த வார்த்தையோடு விட்டால், இனி எதைத் தொட்டாலும் அதையேதான் சொல்வாள்.

ரிசல்ட் வந்தது. ஃபெயில். மாஸ்டரிடம் போனேன். அந்த இன்னொரு பிள்ளையின் அப்பாவும் வந்திருந்தார். அவர் பிள்ளையும் ஃபெயில்.

"புதுப் பாட்டைப் பார்த்த உடனே வாசிக்கறது, சைட் ரீடிங், அதெல்லாம் ஜீனியஸ் பசங்களுக்குத்தான் வரும் சிஸ்டர்" என்றார் மாஸ்டர். "உங்க பொண்ணு ஆவரேஜ். தப்பா நினைச்சுக்காதீங்க. அடுத்த தடவ இன்னும் நல்லா மனப்பாடம் பண்ண வெச்சிடலாம்."

அந்த அப்பா, ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறவர், தலையை ஆட்டினார். "நம்ம பசங்களுக்கு ஏறலைன்னா சார் என்ன பண்ணுவாரு?"

எனக்கு மாஸ்டர்மேல் வந்ததைவிட அவர்மேல் அதிகம் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோடும் புள்ளியும் என்ன என்று எனக்குமே தெரியாதே. நிஜமாகவே ஜீனியஸ்களுக்கு மட்டும் உள்ளதாக இருந்தால்? இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை வாசலில் போடுகிற புத்தக மேசையில் ஒரு ஒல்லிப் புத்தகம் கிடைத்தது. ஐந்து கோட்டு இசையைத் தமிழில் விளக்குகிற புத்தகம். வேன் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற நேரத்தில் எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தேன். முன்னால் சில பக்கங்கள் இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்ற கதை. படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம்தான் ஏறியது.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் மடங்களில் ஜெபப் பாட்டை எழுதி வைக்க வழி இல்லை. பெரியவர் பாடுவார், பையன்கள் கேட்டுத் திருப்பிப் பாடுவார்கள். எல்லாப் பாட்டையும் கற்று முடிக்கப் பத்து வருஷம் பிடிக்குமாம். மறந்துவிடாமல் இருக்க, வார்த்தைக்கு மேலே சின்னச் சின்னக் கீறல் போட ஆரம்பித்தார்கள். குரல் ஏறினால் கீறல் மேலே போகும், இறங்கினால் கீழே வரும். எவ்வளவு ஏற வேண்டும்? அது கீறலில் இல்லை. பாட்டு முன்பே தெரிந்தவனுக்கு ஞாபகப்படுத்த மட்டும்தான் அது உதவும். தெரியாதவன் பார்த்தால் கோழி கிளறின மாதிரி இருக்கும்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். மாடியில் நம்ம மாஸ்டர் காசு வாங்கிக்கொண்டு நடத்துவது இதுதானே? முன்பே தெரிந்த பாட்டுக்கு ஞாபகக் குறி. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பாடம், அதற்கு இன்றைக்கு ஃபீஸ்.

"இன்னாக்கா மூஞ்சி இப்பிடிக் கீது? புக்கு எதுனா திட்டிடுச்சா?" என்றான் டிரைவர் தம்பி.

"நீ சும்மா இரு" என்றேன்.

மறுபடி புத்தகத்தைப் பிரித்தேன். பிறகு யாரோ ஒரு கோடு போட்டார்களாம். குறுக்காக ஒரே ஒரு கோடு. இந்தக் கோட்டில் உட்கார்ந்தால் இந்தச் சத்தம் என்று முடிவு. அதற்கு மேலே இருப்பது கூட, கீழே இருப்பது குறைச்சல். அடையாளம் தெரிய ஒரு கோட்டுக்குச் சிவப்பு மை, இன்னொன்றுக்கு மஞ்சள் மை. இத்தாலியில் ஒரு துறவி இதைச் சீர்படுத்தி நாலு கோடாக்கி (ஐந்தாவது பிற்பாடு சேர்ந்ததாம்), கோடுகளையும் அவற்றுக்கு நடுவில் இருக்கும் சந்துகளையும் படிகளாக்கினார். ஏணி மாதிரி. அடி அடியாக ஏறும் ஒரு பாட்டின் ஒவ்வொரு வரியிலிருந்தும் முதல் அசையை எடுத்துப் படிக்குப் பேரும் வைத்தார். அவரிடம் படித்த பிள்ளைகள், காதால் கேட்டே இராத பாட்டைப் புத்தகத்தைப் பார்த்துப் பாடிவிட்டார்கள். ஜீனியஸ் பிள்ளைகள் என்று எங்கேயும் எழுதவில்லை. மடத்துப் பையன்கள், அவ்வளவுதான்.

இதற்கு மடத்துக்காரர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? கட்டிப் பிடித்திருக்க வேண்டும். பொறாமைப்பட்டார்களாம். அங்கே இருக்க முடியாமல் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். பிற்பாடு போப்பாண்டவரே கூப்பிட்டனுப்பி, தானும் ஒரு வரியைப் பார்த்துப் பாடி ஆச்சரியப்பட்டாராம். அந்தப் பொறாமை எதற்கு என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. பிள்ளை தானே படித்துக்கொண்டால் பத்து வருஷம் யார் காலடியில் உட்காரும்? பாட்டுக்கு இவ்வளவு என்று யார் தருவார்கள்?

எழுத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் சபைப் பாடகர் குழுவில் பழைய ஆட்கள் கோடு இல்லாமல் டி, ஆர், எம் என்று எழுத்தும் புள்ளியுமாக அச்சடித்த புத்தகத்தைத்தான் பார்த்துப் பாடுகிறார்கள். கோடு படிக்க வசதியில்லாத ஏழைப் பிள்ளைகளுக்காக இங்கிலாந்தில் ஒரு டீச்சரம்மா தொடங்கி வைத்ததாம். பாதிரிமார்கள் இங்கே கொண்டு வந்தார்கள். அதைப் படித்தவர்கள் புதுப் பாட்டைத் தாங்களே பாடுகிறார்கள். அது முழுசாகக் கொடுத்த எழுத்து. எங்கள் மாஸ்டருடையது வாடகைக்குக் கொடுத்து, பரீட்சைக்கு முந்தின நாள் பிடுங்கிக்கொண்ட எழுத்து.

அன்று சாயங்காலம் வீட்டுக் கீபோர்டில் இருந்த ஸ்டிக்கரை எல்லாம் தேங்காய் எண்ணெய் தடவி உரித்தேன். மகள் ஓடி வந்தாள்.

"அய்யோ அம்மா! என்னா பண்ற? இனிமே எப்படி வாசிப்பேன்?"

"நீதான் விட்டுட்டேன்னு சொன்னியே. அப்புறம் என்னா?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். புத்தகத்தைப் பிரித்து, கோட்டின் ஆரம்பத்தில் சுருண்டு கிடக்கும் குறியைக் காட்டினேன். "இது என்னான்னு தெரியுமா?"

"யானைக் காது."

"யாரு சொன்னா?"

"நாங்களே பேர் வெச்சோம். சார் டெக்கரேஷன்னு சொன்னாரு."

டெக்கரேஷன்! அது ஜி என்ற எழுத்து. ஆயிரம் வருஷமாக ஆள் மாற்றி ஆள் எழுதி எழுதி, வால் நீண்டு இப்படி ஆகிவிட்டது. அது சுருண்டு பிடித்திருக்கும் கோட்டில் உட்கார்ந்தால் ஜி. அதிலிருந்து மேலே எண்ணு, கீழே எண்ணு. எல்லாப் புள்ளிக்கும் பேர் அங்கேயே எழுதியிருக்கிறது. அழிக்க முடியாதபடி அச்சில்.

மகள் குனிந்து பார்த்தாள். விரலால் அந்தக் கோட்டைத் தொட்டாள். "அப்போ இது ஜி. இது ஏ. இது பி..." எண்ணிக்கொண்டே போய் நின்றாள். "இவ்ளோதானா?" என்றாள். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது என்று அப்போது தெரிந்தது. "இதை ஏம்மா சார் சொல்லவே இல்ல?"

இருவருமாகப் படித்தோம். காலி வட்டம் ஏன், கறுப்பு வட்டம் ஏன் என்று ஒரு நாள் சண்டை. எவ்வளவு நேரம் சத்தம் நிற்க வேண்டும் என்பதைக் குறிக்க ரொம்பக் காலம் கழித்துத்தான் உருவங்கள் வந்ததாம். தோலில் எழுதின காலத்தில் எல்லாம் கறுப்பு. காகிதம் வந்ததும், அவ்வளவு மையைத் தாங்காது என்று நீளமான சத்தங்களை உள்ளே காலியாக விட்டார்களாம். "அப்போ மை மிச்சம் பண்ணத்தானா? நம்ம ஊர் ஆளுங்க மாதிரியே கீறாங்கம்மா" என்று வேன் தம்பியின் குரலில் சொல்லிச் சிரித்தாள். அந்தத் துறவியைப் பற்றி நான் நாலாவது தடவை சொல்லத் தொடங்கியபோது, "போதும்மா, உனக்கு அவர்தான் இப்ப சொந்தக்காரரு" என்றாள்.

ஒரு நாள் புத்தகத்தின் கடைசியில் இருந்த பயிற்சியைத் திறந்தாள். இரண்டு வரிப் பாட்டு. அவளும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. மெதுவாக, திக்கித் திக்கி வாசித்தாள். இரண்டாவது வரியில் ஒரு கட்டை தப்பு. போச்சு, மறுபடி ஏறலை என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தலையைச் சாய்த்துப் பக்கத்தைப் பார்த்தாள். "இந்தப் புள்ளி சந்துல இருக்கு. நான் கோட்டுல இருக்குன்னு நினைச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வாசித்தாள். அவ்வளவு சாதாரணமாக. நான் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ரசீதை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன். என்னால் சண்டை போட முடியாது, வார்த்தை வராது. அதனால் வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அதையே அவரிடம் சொன்னேன்.

"சார், தியரிக்கு வாங்கின மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் குடுங்க. நீங்க அதைக் கத்துக் குடுக்கல."

"என்ன சிஸ்டர் இது, ஒரே சர்ச்சுல இருந்துக்கிட்டு... ரெண்டு மாசம் ஃப்ரீயா அனுப்புங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"வேணாம் சார். பணமாக் குடுங்க."

"எல்லாருக்கும் இப்படித்தான் எடுக்கறேன். வேற யாராவது வந்து கேட்டாங்களா? உங்க பொண்ணு கவனிக்கலைன்னா நான் என்ன பண்றது?" இந்த இடத்தில்தான் பரீட்சை அன்று தான் வராந்தாவிலேயே இல்லை என்றும் சொல்லிப் பார்த்தார். நான் ரசீதை அவர் முன்னால் நீட்டினேன். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி சிஸ்டர். ஃபிஃப்டி ஃபிஃப்டி. பாதி என் தப்பு, பாதி பாப்பா தப்பு. பாதிப் பணம் போட்டு விடறேன். முடிச்சுக்கலாம்."

"சார், நான் என்னா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள் என் மகள்.

நக்கலாகக் கேட்கவில்லை. எந்தப் புள்ளி என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். சொன்னால் திருத்திக்கொள்வாள் போல நின்றாள். மாஸ்டர் செல்போனை எடுத்துப் பாதிப் பணத்தை அனுப்பினார். "வந்துச்சா பாருங்க. கணக்கு முடிஞ்சுது, சரியா?"

வந்திருந்தது. கணக்கு முடியவில்லை என்றேன். பாதித் தப்பு என் பிள்ளையுடையது என்று மீதிப் பணத்தை விட்டுவிட்டு வந்தால், அதுவும் ஏறல என்று ஒப்புக்கொண்டு வந்த மாதிரிதான். என் அப்பா அப்படித்தான் ஒப்புக்கொண்டு வந்தார். நான் வரமாட்டேன். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் பயந்துகொண்டே அந்த மாடி ஏறுகிறேன், நாலு பேர் கேட்கும்படி கேட்கிறேன். என்னைப் பார்த்ததும் அவர் பம்மல் கிளைக்குப் போக வேண்டும் என்று வண்டிச் சாவியை எடுக்கிறார். பம்மலுக்கும் பஸ் இருக்கிறது.

இன்னும் அவர் தர வேண்டியது ஆயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.